நாலாவது வெற்று அட்டை

போன மாதம் நான் முன்பு வேலை செய்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். ஆன்மீகப் பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்களாம். பழையவன் என்ற முறையில் ஒரு மணித்தியாலம் அவர்களோடு பேச வேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற மனிதனைப் பேசக் கூப்பிட்டால் அவன் மறுப்பானா? சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

நாங்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து கையால் எழுதிய குறிப்புகளுக்குப் பதிலாக இப்போது ஒரு படிவம் வந்திருக்கிறது. அதில் ‘நம்பிக்கை’ என்று ஒரு கட்டம். பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் இலக்கத்தைத் தட்ட வேண்டும். எலீஸ் என்ற இளம்பெண் அதைக் காட்டிக் கேட்டாள்: “உங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் யாருக்காவது பூச்சியம் போட்டிருப்பீர்களா?”

“இரண்டு பேருக்கு,” என்றேன். “ஒருவர் எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்த ஒரு ரீச்சர். மற்றவர் நான்.”

சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. அங்கே பாதிக் கதைதான் சொன்னேன். முழுவதையும் நம் சபையின் ஆண்டு மலரில் எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது நேர் வழியில் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு இதே மருத்துவமனையில் தரை துடைத்தேன். தரை துடைக்கிறவனுக்கு முன்னால் யாரும் நடிப்பதில்லை. நோயாளிகள் என்னோடு கதைத்தார்கள். என் அரைகுறை பிரெஞ்சில் நான் கேள்வி கேட்டேன். இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று ஒரு தாதி சொன்னார். படித்தேன், இரண்டு தடவை சித்தியடையாமல் மூன்றாம் தடவை சித்தியடைந்தேன். அவ்வளவுதான் என் பயிற்சிக்காலம்.

உண்மையில் எனக்கு வேலை பழக்கியவர் மேலதிகாரி மடாம் லொறேன். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவர். மடத்தைவிட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது, “கதவு பூட்டியிருக்கவில்லை,” என்று மட்டும் சொன்னார். மெலிந்த, நெட்டையான மனுசி. எப்போது பார்த்தாலும் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். அவருடைய முறைகள் கறாரானவை. கதவு திறந்திருந்தாலும் தட்ட வேண்டும். “இருக்கலாமா?” என்று கேட்டு, நோயாளி ஓம் என்ற பிறகுதான் கதிரையை இழுக்க வேண்டும். மருத்துவமனையில் ஊசியை, குளிப்பாட்டலை, சாப்பாட்டு நேரத்தை என்று எதையும் மறுக்க முடியாத மனிதருக்கு நம்மையாவது மறுக்கிற உரிமை இருக்கட்டும் என்பார். அவர்கள் கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. கேட்டாலும் உடனே தொடங்கக் கூடாது. “எதற்காக ஜெபிக்கட்டும்?” என்று முதலில் கேட்க வேண்டும். குறிப்பை நோயாளியின் சொற்களிலேயே எழுத வேண்டும். ‘மனச்சோர்வு’ என்று ஒரு முறை எழுதினேன். “அவர் அப்படியா சொன்னார்?” என்று கேட்டு அழித்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட, மாலை நாலரைக்கு அவர் கேட்கிற கேள்வி. இன்று என்ன செய்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “இன்று உனக்குத் தெரியாத எதைத் தெரிந்துகொண்டாய்?” என்றுதான் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் திரும்பவும் நோயாளிகள் இருக்கிற மேல் மாடிக்கு அனுப்பிவிடுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வி எனக்குப் பழகி, வீட்டில் மனைவியிடமும் கேட்கத் தொடங்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி என் பூச்சியத்துக்கு வருகிறேன். எட்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம் எனக்கு ஜெபம் நின்றுபோனது. யாரும் சாகவில்லை. வேலை போகவில்லை. வீட்டில் சண்டையில்லை. ஒரு காலையில் வழக்கம்போல முழங்காலில் நின்றேன். சொற்கள் வந்தன, கேட்கிற ஆள் இல்லை. குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருவதுபோல. இன்றைக்குச் சரியில்லை, நாளைக்கு வரும் என்று விட்டேன். நாளைக்கும் வரவில்லை. மற்றவர்களின் கட்டிலருகில் இருந்து ஜெபிப்பதே என் தொழில், அதற்குத்தான் சம்பளம். யாரிடம் போய் இதைச் சொல்வது? பயந்தேன். அதோடு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஆச்சரியமாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று சத்தமில்லாமல் எப்படிப் போகும் என்று உள்ளே உள்ளே தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஐப்பசியில் ஞானமணி ரீச்சர் இடுப்பு எலும்பு முறிந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்.

பழையவர்களுக்கு ரீச்சரைத் தெரியும். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே நம் சபையில் முப்பது வருடம் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தியவர். நம் ஆட்கள் கூடி வாழ்கிற பார்க்-எக்ஸ்டென்ஷனில் அவர் ஜெபிக்காத வீடு இல்லை என்றே சொல்லலாம். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்திருந்தது. ஆனால் அவர் எழுந்து நடக்க மறுத்தார். உடற்பயிற்சி கொடுக்க வருகிறவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் பத்து நாளில் காலை ஊன்றாவிட்டால் இனி நடக்கவே மாட்டார், நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லம்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

தெரிந்தவர்களை நாங்கள் பார்க்கக் கூடாது, வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மடாம் லொறேன் விதியைத் தளர்த்தினார். வாசலிலேயே மகள் ரூபி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், அம்மா ஜெபிக்கிறேல்லை. வேதப்புத்தகத்தைத் தொட்டே எத்தினை நாள். என்னெண்டு கேட்டா சுவரைப் பாத்துக்கொண்டு படுக்கிறா. நீங்கள் வந்து ஒருக்கா நல்லா ஜெபம் பண்ணி விடுங்கோ.”

அங்கேதான் நான் பிழை விட்டேன். நம் ஆட்களுக்கு முன்னால் நாம் எல்லோரும் விடுகிற பிழை. இருக்கலாமா என்று கேட்கவில்லை. எதற்காக என்று கேட்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வானத்தையும் பூமியையும் படைத்ததில் தொடங்கி, வைத்தியர்கள், தாதிகள், ரூபியின் பிள்ளைகளின் படிப்பு வரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நம் வீட்டுக் கூட்டங்களில் நீளமாக ஜெபிக்கிறவனுக்குத்தானே மதிப்பு! உள்ளே ஒன்றும் இல்லாதவனுக்கு நீளமாக ஜெபிப்பது இன்னும் சுலபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதோ?” என்றார். “சீலன், நீர் நல்லா ஜெபிக்கிறீர். ஒரு இடத்திலையும் தடக்கேல்லை. நானும் உப்பிடித்தான் தடக்காமல் ஜெபிச்சனான். உது இப்ப எனக்கு வேலை செய்யாது. நீர் போம்.”

மாலை நாலரைக்கு மடாம் லொறேன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. நான் மட்டுமே பேசினேன்,” என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “நாளைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேள். இது எப்போது தொடங்கியது என்று கேள். ஏன் என்று கேட்காதே. ஏன் என்று கேட்டால் மனிதர்கள் தங்களுக்காக வழக்காடத் தொடங்கிவிடுவார்கள்.”

அடுத்த நாள் காலை கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, கதிரையில் இருந்தேன். ரூபி வேலைக்குப் போயிருந்தாள்.

“ரீச்சர், இது எப்ப துடங்கினது?”

சுவர்ப் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, “தை முதலாம் திகதி,” என்றார். “அந்த மேசை லாச்சிக்குள்ளை என்ரை வேதப்புத்தகம் கிடக்கு. எடும். நடுவிலை ஒரு மட்டை இருக்கும்.”

எடுத்தேன். வெளிர் மஞ்சள் நிறத்தில், உள்ளங்கை அளவில் ஓர் அட்டை. ஒரு பக்கத்தில் சிறிய புறாப் படம். மறுபக்கம் வெறுமை.

வேறு சபைக்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். புதுவருட ஆராதனையில் எங்கள் சபையில் ஒரு தட்டு நிறைய அட்டைகள் வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். புறாப் பக்கம் மேலே தெரியும், வசனப் பக்கம் கீழே மறைந்திருக்கும். ஒவ்வொருவராக வந்து பார்க்காமல் ஒன்றை எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. சிலர் அதைச் சட்டகம் போட்டு மாட்டுவார்கள், சிலர் காரில் வைத்திருப்பார்கள்.

“எல்லாரும் தங்கடை மட்டையைக் காட்டிக் காட்டிக் கதைச்சுக்கொண்டு நிண்டவை,” என்றார் ரீச்சர். “என்ரை வெறுமை. நான் அதை மூடி வைச்சிட்டன். அண்டைக்கு இருந்து யோசிக்கிறன், சீலன். எழுவத்தாறு வயசு. அவருக்கு என்னோடை சொல்ல ஒண்டும் இல்லையாம்.”

அட்டையைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தேன். வருடாவருடம் அந்த அட்டைகளைச் செய்கிறவன் நான். அது சபையில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. என் வீட்டுக் கணினியில், ஒரு தாளுக்குப் பத்து வீதம் எட்டுத் தாள் அச்சடித்து வெட்டுவேன். அந்த வருடம் ஆட்கள் கூடியிருந்ததால் பழைய வசனங்களோடு இன்னும் நாலு தேவைப்பட்டது. மூன்று நாள் புத்தகத்தைப் புரட்டினேன். எந்த வசனத்தைப் பார்த்தாலும் அடுத்த வீட்டுக்காரருக்கு வந்த கடிதம்போல இருந்தது. கடைசித் தாளில் நாலு இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். வெட்டும்போது அந்த நாலையும் எறிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். எட்டுத் தாளையும் ஒன்றாக அடுக்கி வெட்டி, புறாவை மேலே வைத்துத் தட்டில் போட்டபோது அது என் நினைவில் இல்லை.

“ரீச்சர், நான் பேந்து வாறன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் இருந்துவிட்டேன்.

மடாம் லொறேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் ஒன்றேகால் வருட வெறுமையையும் சேர்த்து. அவர் வியப்படையவில்லை. வேலையால் நிறுத்துவார் என்று பயந்திருந்தேன். ஒரு கிளெமென்டைன் பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்தார்.

“நாளைக்கு அவரிடம் சொல்லப் போகிறேன்,” என்றேன்.

“யாருக்காக? உன் பாரத்தை இறக்கி வைக்கிற இடம் நோயாளியின் கட்டில் அல்ல.”

“எனக்காகவா அவருக்காகவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

“அவர் கோபப்பட்டால் இருந்து கேட்பாயா? மன்னிக்காவிட்டாலும் எழும்பி வராமல் இருப்பாயா? அப்படியென்றால் போ.”

போனேன். சொன்னேன். ரீச்சர் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பத்து மாசம்,” என்றார். “பத்து மாசமா நான் என்ன பிழை விட்டனான் எண்டு எண்ணிக்கொண்டு கிடந்தனான். ஊரிலை ஒரு பெட்டையைக் கணக்குப் பிழைச்சதுக்கு அடிச்சனான், அதுவரைக்கும் போனனான். அதுக்கெல்லாம் நீரும் உம்மடை கத்தரிக்கோலுமோ?”

ஓம் என்றேன். திட்டினார். படிப்பித்த காலத்தில் திட்டியதையெல்லாம் மிச்சம் வைத்திருந்ததுபோலத் திட்டினார். நான் எழும்பவில்லை. மூச்சு வாங்கி நிறுத்தினார். பிறகு, கணக்கு ரீச்சர் அல்லவா, கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“ஏன் எழுதாமல் விட்டனீர்?”

“எழுத வரேல்லை, ரீச்சர். எனக்குள்ளை ஒண்டும் இல்லை. போன வருசம் ஆவணியிலை இருந்து.”

“ஒண்டும் இல்லாமலோ முந்தாநாள் அவ்வளவு ஜெபம் பண்ணினீர்?”

“ஓம்.”

“ஆருக்கும் சொன்னனீரோ?”

“இல்லை. நீங்கள்?”

“நான் ஆருக்குச் சொல்ல? எல்லாரும் என்னட்டையெல்லோ வந்து சொல்லுறவை.” அட்டையைத் திரும்பவும் பார்த்தார். பிறகு திடீரென்று, “எத்தினை மட்டை வெறுமை?” என்றார்.

“நாலு.”

“எல்லாம் எடுபட்டதோ?”

“தட்டிலை ஒண்டும் மிஞ்சேல்லை.”

“அப்ப மற்ற மூண்டு பேரும் எங்கை?”

இந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை என்பதை இன்றுவரை நம்ப முடியவில்லை. மூன்று பேர் பத்து மாதமாக அந்த மண்டபத்தில் நம் பக்கத்தில் இருந்து பாடுகிறார்கள், ஆண்டவர் தங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“கட்டிலை நிமித்தும்,” என்றார் ரீச்சர். “என்ரை கண்ணாடியை எடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலை நீர் எழும்பிச் சொல்ல வேணும். நானும் வரவேணும். ஆர் ஆரெண்டு என்ரை கண்ணாலை பாக்கவேணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்ப ஜெபிப்பம். நீர் வாயைத் திறக்கக் கூடாது.”

அவருடைய ஜெபம் முழுவதையும் எழுதிவிடுகிறேன், சின்னதுதான்: “ஆண்டவரே, இவனுக்கும் ஒண்டும் இல்லை. எனக்கும் ஒண்டும் இல்லை. ரெண்டு பேரும் இதிலை இருக்கிறம். மற்ற மூண்டு பேரையும் பாத்துக்கொள்ளும்.” இரண்டு இடத்தில் தடக்கினார்.

எனக்குள் ஒரு வெளிச்சமும் வரவில்லை. வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று மத்தியானம் ரீச்சர் உடற்பயிற்சிக்காரரைத் தானே கூப்பிட்டு, பிரெஞ்சில் ‘பொஞ்சூர்’ என்று வணக்கம் சொல்லி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நாலு அடி வைத்தார். என் குறிப்பில் அவர் சொன்னபடியே எழுதினேன்: ‘மற்ற மூன்று பேரும் எங்கே?’ மடாம் லொறேன் அதில் ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை.

அந்த ஞாயிறு ரீச்சரால் வர முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, சக்கர நாற்காலியில் முன்வரிசையில் கொண்டுவந்து விட்டார்கள். போதகரிடம் அனுமதி வாங்கி நான் எழுந்து சொன்னேன். என் வெறுமையையும் சொன்னேன். போதகர் என் கையைப் பிடித்து, தனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார்.

முதலில் வந்தவர் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிற எட்வேட் அண்ணை. பணப்பையிலிருந்து கசங்கிய அட்டையை எடுத்துக் காட்டினார். “நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? இந்த வருசம் என்னை ஆளையே விட்டிட்டார், இனி என்னிட்டை ஒண்டும் கேக்க மாட்டார் எண்டு,” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் நடுவில் அழுதுவிட்டார். அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தடவை.

அடுத்தது நிரோமி. இங்கே பிறந்த பிள்ளை, ஒரு கார்டரியில் சிறு குழந்தைகளைப் பார்க்கிறாள். “எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அதாலை எனக்கெண்டு ஸ்பெஷலா வெறுமையாத் தந்தனீங்கள் எண்டு நினைச்சன். நல்ல ஆக்கள் எண்டு நினைச்சன், அங்கிள். பிறகு வீட்டை போய் யோசிக்க, நான் உங்கடை ஆள் இல்லையோ எண்டு...” மிச்சத்தை அவள் சொல்லவில்லை. ரீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ரீச்சர் வீட்டுக்கு அவள் கிழமைக்கு ஒரு நாள் போய்த் தமிழ் வாசிக்கப் பழகினாள்.

நாலாவது ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். அந்தப் புதுவருடத்தன்று டொலார்டிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் யாராகவும் இருக்கலாம். ரீச்சர் கோலூன்றி இன்னும் நாலு வருடம் நடந்தார். தன் அட்டையில் எதையும் எழுத விடவில்லை. அது புத்தகத்தின் நடுவிலேயே இருந்தது. கடைசியாக நான் பார்க்கப் போன அன்றும், “நாலாவது ஆள் ஆப்பிட்டதோ?” என்றுதான் கேட்டார்.

இனிக் காரணத்தைச் சொல்கிறேன். அந்த மார்கழியில் ஒரு நாள் வேலை முடிந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு மனிதர் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு வெறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்போல ஒருவர்தான் எங்கேயோ அந்த அட்டையோடு இருக்கிறார் என்று நினைத்தேன். பார்க் நிலையத்தில் இறங்கிப் படியேறும்போதுதான் உணர்ந்தேன். இரண்டு நிலையமாக நான் ஆண்டவரோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த நாலாவது ஆளை எனக்குத் தெரியாது, நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், தயவுசெய்து, என்று. கேட்கிற ஆள் இருந்தார். படியில் அப்படியே நின்றேன். பின்னால் வந்த பெண் என்மேல் மோதி ஏதோ ஏசிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் வறண்ட நாட்கள் வந்திருக்கின்றன. இப்போது அவற்றுக்கு நான் பயப்படுவதில்லை, என்ன கொண்டுவருகின்றன என்று பார்க்கிறேன்.

இந்த மலர் தபாலில் தூர இடங்களுக்கும் போகிறது. ஆகவே, வெளிர் மஞ்சள் அட்டை, ஒரு பக்கம் புறா, மறுபக்கம் வெறுமை, அது உங்களிடம் இருந்தால், அதை வெறுமையாக விட்டவர் ஆண்டவர் அல்ல, நான். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்களை மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தால் இதையும் கேளுங்கள். ஏழு வருடமாக, ஒரு நாள் தவறாமல், பெயர் தெரியாமல் உங்களைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.